வளவு சிறுத்த ஊரில் வளர்ப்புப் பிராணி

(கல்முனையில் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளியூர்களில் என்ன பிராணி வளர்க்கலாம் என்று கேட்டால், நாயா பூனையா என்றுதான் பேச்சுத் தொடங்கும். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நம் முஸ்லிம் வீடுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாயை நாம் வீட்டுக்குள் எடுப்பதில்லை. பூனையை யாரும் தெரிவு செய்வதில்லை. மீன் வாங்கிய அன்று அது தானாக வந்து குசினி வாசலில் குந்தும். நாலு நாள் போனால் அதுதான் வீட்டுக்காரர். ஆகவே ஒரு பிள்ளை வந்து, "வாப்பா, எனக்கு வளர்க்க ஏதாவது வாங்கித் தாங்க" என்று கேட்டால், மற்ற ஊரார் விசித்திரம் என்று நினைக்கிற பிராணிகள்தான் நம் முதல் தெரிவாக வந்து நிற்கின்றன. கிளி, புறா, மீன், முயல், ஆமை. இவற்றில் எதை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

நாய் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் கடுமையான நஜீஸ். அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்து. வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைத்திருக்க மார்க்கம் இடம் கொடுக்கிறது. வீட்டுக்குள் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு நம் வழக்கத்தில் இடமில்லை. ஆனால் தெருநாய்க்குக் கல்லெறிய இதில் ஒருவருக்கும் அனுமதிச் சீட்டுக் கிடையாது. தாகத்தில் நாக்குத் தள்ளிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட கதையை மதரசாவில் படித்த பிள்ளைதான், மதரசா விட்டு வரும் வழியில் கல்லைத் தேடுகிறது. உஸ்தாத்மார் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது இடம். கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல். நடுவில் இருக்கிற ஒடுங்கிய நிலத்தில்தான் நம் ஊர்கள் முழுவதும். நாட்டிலேயே சனம் மிக நெருக்கி வாழும் இடங்களில் சாய்ந்தமருதும் ஒன்று. ஒரு காலத்தில் வளவு என்று சொன்னால் பத்துத் தென்னை நிற்கும், கோடியில் ஆடு கட்டியிருக்கும். பிள்ளைகளுக்குச் சீதனமாக வளவைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததில், இன்று ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றாகிவிட்டன. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரையோரத்திலிருந்து எழும்பிய குடும்பங்கள் பல மாடிக் குடியிருப்புகளுக்குப் போயின. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது நம் அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். தப்பிய பிள்ளைகள் வளர்ந்து, இப்போது அவர்களின் பிள்ளைகள் மூன்றாம் மாடியில் நின்று பிராணி கேட்கிறார்கள். பிராணியைப் பார்த்து இடத்தைத் தேட நமக்கு வழியில்லை. இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் பிராணியைத் தேட வேண்டும்.

பிராணி வளர்ப்பதே வீண் வேலை என்று சொல்லும் மூத்தப்பாமாருக்கு அபூ உமைரை நினைவூட்டுகிறேன். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி. அந்தப் பிள்ளையிடம் சிட்டுப்போல ஒரு சிறு குருவி இருந்தது. அது செத்துப்போய்ப் பிள்ளை வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் குருவியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் எதுகையாகச் சேர்த்து, அது என்ன ஆனது என்று விளையாட்டாகக் கேட்டார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர் ஒரு பிள்ளையின் செத்த குருவிக்காக நின்று பேசுகிறார். நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ், இந்தச் சின்னச் சம்பவம் ஒன்றிலிருந்து மட்டும் அறுபது அளவில் படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார். பிள்ளைகள் பறவை வளர்த்து விளையாடலாம் என்பது அவற்றுள் ஒன்று. அதே மார்க்கத்தில்தான் பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குப் போன செய்தியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

எடுக்கவே கூடாதது எது என்று முதலில் சொல்கிறேன். நட்சத்திர ஆமை. நம் மாவட்டத்தின் உலர்ந்த காட்டோரங்களில் இருக்கிற பிராணி. சேனைக்குப் போனவர், விறகுக்குப் போனவர் சீலைப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "மகனுக்கு விளையாட" என்று கொடுப்பார். முதுகில் மஞ்சள் கோடுகளால் கீறிய நட்சத்திரங்கள். கடிக்காது, கத்தாது, ஓடிப்போகாது. வளர்க்க இதைவிட லேசான பிராணி உண்டா என்றுதான் தோன்றும்.

உண்மை நேரெதிர். அது புல்லும் இலையும் விழுந்த பழமும் தின்று, வெயிலில் காய்ந்து, மழை பெய்ததும் நடமாடுகிற உயிர். சீமெந்துத் தரையில் விட்டுச் சோறு போட்டால், சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் கிடைக்காமல் ஓடு மெதுவாக இளகும், கோணும். செத்துக்கொண்டிருப்பதே வெளியில் தெரியாது. நல்ல நிலையில் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது, நம் வீட்டில் கொஞ்சக் காலத்தில் முடிந்துவிடும். வீட்டில் வைத்திருப்பது குற்றமும்கூட. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009இல் அதற்கு வந்த திருத்தமும் இந்த ஆமைக்குப் பாதுகாப்புக் கொடுக்கின்றன. வெளிநாடுகளில் இதற்கு நல்ல விலை இருப்பதால் கடத்தலும் ஓயவில்லை. இதை சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் ஏற்றச் சொல்லி இலங்கையும் இந்தியாவும் பங்களாதேசும் செனகலும் சேர்ந்து கேட்டன. அதைப் பேச வேண்டிய, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்ஸ் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் உங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் அவற்றை விளக்கத் தேவையில்லை. மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. அங்கே நட்சத்திர ஆமை முதலாம் பட்டியலுக்கு ஏறியது. சேனையில் கண்டால் பார்த்து ரசியுங்கள். கையில் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு நீராமைக் குட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். காதோரம் சிவப்புக் கோடு போட்ட, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, வளர்ந்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவாகும். தோலில் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகள் கையை வாயில் வைப்பதால் நோய் பரவுகிறது என்று நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதை 1975இல் அமெரிக்காவே தடை செய்தது. பெருத்தபின் வைத்திருக்க முடியாமல் கிட்டங்கி ஆற்றில் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கமான முடிவு. உலகில் மோசமான ஊடுருவல் உயிரினங்கள் நூறைப் பட்டியலிட்டபோது அதில் இதுவும் இருந்தது.

கிளி. நம் வீட்டுப் பெண்களுக்குக் கிளியில் ஒரு தனிப் பாசம். "ராத்தா", "வாப்பா" என்று கூப்பிடும் கிளி இருந்த வீடு தெருவில் அடையாளமாகவே இருந்தது. அந்தக் கிளி எங்கிருந்து வந்தது? தலை போன தென்னை மரத்தின் பொந்திலிருந்து, இறகு முளைக்காத குஞ்சாக. ஒன்று பிழைத்துப் பேசப் பழகியது. அதோடு எடுத்த மற்றவை என்னவாயின என்று யாரும் சொல்வதில்லை. காட்டுப் பறவைகளில் ஒரு சிலவற்றைத் தவிர மற்றெல்லாம் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன என்பதும் நினைவிருக்கட்டும். சட்டம் கிடக்கட்டும், பின்னேரத்தில் தென்னந்தோப்பில் வந்தடையும் கிளிக்கூட்டத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் சேர்ந்து இரைந்து, இடத்துக்குச் சண்டை பிடித்து, பிறகுதான் தூங்கும். அப்படிப்பட்ட பறவையை இறகு வெட்டித் தனியாகக் கூட்டில் போட்டு, சோறும் மிளகாயும் கொடுத்து, இருபது வருடம் வைத்திருக்கிறோம். அது "வாப்பா" என்று கூப்பிடுவது கூட்டத்தைத் தேடித்தான். கூட்டம் இல்லாத இடத்தில் வாப்பாதான் கூட்டம்.

கூண்டுப் பறவைதான் வேண்டும் என்றால், கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்ததை எடுங்கள். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, பச்சையும் மஞ்சளும் நீலமுமாக, அது அவுஸ்திரேலியப் பறவை. ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து கூண்டில் இனம் பெருகிய பறவை என்பதால், நீங்கள் ஒரு சோடி வாங்குவதால் எந்தக் காட்டிலும் ஒரு பொந்து காலியாகாது. சோடியாக வாங்குங்கள். கூண்டு உயரத்தைவிட அகலமாக இருக்கட்டும். அது மேலே ஏறுவதில்லை, குறுக்கே பறக்கிறது.

முயலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வெள்ளை முயல் பார்க்க அழகு, ஆனால் அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே முயல் வைப்பது கொடுமை. மீன் வளர்ப்பு நல்ல பழக்கம், செலவும் குறைவு. கப்பி மீனைக் கிணற்றிலும் தொட்டியிலும் விட்டால் நுளம்புக் குடம்பியைத் தின்னும். டெங்குக் காலத்தில் உதவியும்தான். தொட்டியைத் துப்புரவாக்கும் என்று சொல்லி விற்கிற, தலையின் அடிப்புறத்தில் உறிஞ்சு வாயுள்ள தென்னமெரிக்க மீனில் மட்டும் கவனம். அது தொட்டிக்குப் பெருத்துவிடும். ஆற்றில் விட்டால் திரும்ப எடுக்க முடியாது. நாட்டின் சில நீர்த்தேக்கங்கள் இந்தத் தொல்லையை ஏற்கெனவே அனுபவிக்கின்றன.

குர்பான் ஆட்டைப் பற்றி உம்மாமாருக்கு ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாதக்கணக்கில் முன்பே குட்டி வாங்கி, அதற்குப் பெயர் வைத்து, பிள்ளை கையால் குழை ஊட்டி வளர்க்கிறோம். பெருநாளன்று பிள்ளை அழுது வீடு கலங்குகிறது. ஆடு எதற்கு வந்தது என்பதை வந்த நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். குர்பானின் பொருள் அதற்கு விளங்கும். செல்லப் பிராணி என்று நம்பவைத்துவிட்டுப் பிறகு கத்தி எடுப்பது சரியில்லை.

பிராணிகளோடு நமக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். யானையையே பிடித்த ஆட்கள் நாம். கிழக்கிலும் வடக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களின் பணிக்கர்மாரைப் பற்றி எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் வியந்து எழுதியிருக்கிறார். துப்பாக்கி இல்லை, கொட்டில் கட்டி விரட்டுவதும் இல்லை. மான்தோல் கயிற்றோடு காட்டுக்குள் பதுங்கிப் போய், யானை நின்ற நிலையிலேயே அதன் பின்னங்காலில் சுருக்கைப் போட்டு மரத்தில் கட்டுவார்கள். அந்த யானைகள் தென்னிந்திய அரசர்களுக்குப் போயின. பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. நான் கேட்பது இன்னொரு கெட்டித்தனம். பிடிக்காமல், கட்டாமல், பூட்டாமல் ஒரு பிராணியை நம்மோடு இருக்க வைக்க முடியுமா?

முடியும். புறா. என் முழு வாக்கும் அதற்குத்தான்.

காலையில் கூட்டைத் திறந்துவிடுகிறீர்கள். அது விரும்பிய இடத்துக்குப் போகலாம். வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதுவே திரும்பி வருகிறது. எந்த நாளும் அது வராமல் இருக்கலாம் என்ற நிலையில் வருவதால், நாம் அதை ஒழுங்காகக் கவனித்தோமா என்பதற்குப் பின்னேரம்தோறும் பதில் கிடைக்கிறது.

இடப் பிரச்சினையும் இதில் தீர்கிறது. வீட்டுப் புறாவின் மூதாதை மரத்தில் கூடு கட்டுவதில்லை. அது பாறை விளிம்பில் முட்டையிடுகிற மாடப்புறா. பார்க்க வேண்டுமென்றால் நம் கிழக்கிலேயே, நிலாவெளிக்கு எதிரே, புறாத்தீவுக்குப் போய்ப் பார்க்கலாம். தீவுக்குப் பெயரே அதனால்தான். 2003இல் அது தேசிய பூங்காவாகவும் ஆனது. பாறை விளிம்பில் பிறந்த பறவைக்கு மாடிவீட்டுப் பலகணி அந்நியம் இல்லை. வளவு கேட்காது, மரம் கேட்காது. ஒரு பலகைப் பெட்டியும் ஒரு விளிம்பும் போதும்.

பிள்ளைக்கு அதில் படிக்க எவ்வளவோ இருக்கிறது. சோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது. இரண்டு முட்டை. பதினெட்டு நாள் அளவில் பொரிக்கும். பகலில் ஆண் அடைகாக்கும், மற்ற நேரமெல்லாம் பேடு. பொரித்த குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் கிடையாது. தாயும் தகப்பனும், இரண்டும்தான், தொண்டைப் பையில் ஊறும் தயிர்போன்ற பாலை ஊட்டும். தகப்பனும் பாலூட்டுகிற இந்தப் பாடத்தை வாப்பாமாருக்கும் நான் சிபாரிசு செய்கிறேன். ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். சார்ள்ஸ் டார்வின் இயற்கைத் தெரிவைப் பற்றி யோசித்த காலத்தில் வீட்டில் புறா வளர்த்தார். இலண்டனில் இரண்டு புறாக் கழகங்களில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1859இல் வந்த அவருடைய நூலின் முதல் அத்தியாயத்தில் புறாக்களுக்குப் பெரிய இடம் உண்டு.

திரும்பி வருவது எப்படி? இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. சூரியனை வைத்துத் திசை பார்க்கும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கீட்டன் 1971இல் புறாவின் மேல் காந்தம் கட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் அவை வழி தவறவில்லை. மந்தார நாளில் தடுமாறின. சூரியன் தெரியாதபோது பூமியின் காந்தப் புலம் கைகொடுக்கிறது என்று அதிலிருந்து விளங்கிற்று. மோப்பம் பிடித்து வருவதாக இத்தாலியர் சொன்னார்கள். பழகிய பாதையில் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே பறந்து, சந்தியில் திரும்புகிற புறாக்களை ஒக்ஸ்போட் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். மட்டக்களப்பில் விட்ட புறா நம் ஏ4 பிரதான வீதியைப் பிடித்துக் கல்முனைக்கு வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். பஸ்ஸைவிட நேரத்துக்கு வரும்.

இந்தத் திறமையை மனிதர் விட்டுவைக்கவில்லை. சிரியாவை ஆண்ட நூருத்தீன் சங்கி 12ஆம் நூற்றாண்டில் புறாத் தபாலை அரச சேவையாக்கினார். இலங்கையில் 1850களில் சிலோன் ஒப்சேவர் பத்திரிகை காலியில் புறா வைத்திருந்தது. ஐரோப்பாக் கப்பல் காலித் துறைக்கு வந்ததும் செய்தியைப் புறாவின் காலில் கட்டி 72 மைல் தள்ளியிருக்கும் கொழும்புக்கு அனுப்பினார்கள். 1858இல் தந்தி வந்தபின் அந்தப் புறாக்களுக்கு வேலை போயிற்று. ஒடிசா மாநிலப் பொலிஸ் 1946இல் தொடங்கிய புறாச் சேவை அதைவிட நீண்டது. 1999இல் பெரும் புயல் அடித்துத் தொடர்புகள் அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் செய்தி சுமந்தன. சுனாமியன்று நம் தொலைபேசிகள் எந்த நிலையில் இருந்தன என்பதை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள்.

ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கு ஹரமின் புறாக்களைத் தெரியும். அங்கே ஒன்றைக் கொன்றால் பரிகாரமாக ஓர் ஆடு அறுக்க வேண்டும் என்பது நம் மத்ஹபின் சட்டம். புறாவுக்கு ஆடு. அதன் எடையைப் பார்த்துச் சொன்ன கணக்காக இருக்காது.

ஆனால் புறாக்காரருக்கு இமாம்கள் வைத்த நிபந்தனையும் உண்டு. முட்டைக்கும் குஞ்சுக்கும் துணைக்கும் கடிதம் கொண்டுபோவதற்கும் புறா வைத்திருக்கலாம் என்கிறார் இமாம் நவவி. பறக்கவிட்டு விளையாடிக்கொண்டே இருப்பதை வெறுக்கிறார். பந்தயச் சூது சேர்ந்துவிட்டால் அந்த ஆளின் சாட்சியமே எடுபடாது. புறாவைக் காரணம் காட்டிக் கூரை ஏறி அயலவர் வீட்டை நோட்டம் விடுவதும் பழைய நூல்களில் வருகிற குற்றச்சாட்டுத்தான். சுவரோடு சுவர் ஒட்டிய நம் ஊரில் அது பழைய கதை இல்லை. தம்பிமாரே, கூட்டை உங்கள் வீட்டு முற்றத்தைப் பார்த்தபடி வையுங்கள். புறாவைக் கூப்பிட விசில் போதும். மொட்டைமாடியில் ஏறி நிற்கத் தேவையில்லை.

நோயையும் மறைக்க மாட்டேன். காய்ந்த எச்சத்தின் தூசி நெஞ்சுக்கு ஆகாது. இழுப்பு உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் புறா வேண்டாம். சுரண்டுமுன் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பறவை எச்சமும் நம் மத்ஹபில் நஜீஸ்தான். தவிர்க்க முடியாத இடத்தில் மன்னிப்பு உண்டு. தொழுகைச் சீலை காயப்போடும் கொடிக்கு மேலே கூடு வைத்துவிட்டு மன்னிப்பைத் தேடக்கூடாது. கிணற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். வாசல் வடகிழக்கைப் பார்த்திருந்தால் மாரி மழை நேரே உள்ளே அடிக்கும். இரவில் மரநாயும் பாம்பும் எலியும் வரும், பகலில் வல்லூறு. முன்னே சொன்ன அடுப்படிப் பூனையையும் கணக்கில் சேருங்கள். கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றுகிற புறாவைக் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் பிரித்து வைத்து, அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தீனிக்கு நெல், சோளம், பயறு. நெல் விளைகிற மாவட்டத்தில் அது பெரிய செலவில்லை.

வாங்கும்போது வளர்ந்த புறாவை வாங்காதீர்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிய சோடி, கூட்டைத் திறந்த அன்றே விற்றவர் வீட்டுக் கூரையில் போய் இருக்கும். தானாகத் தின்னத் தொடங்கிய இளம் குஞ்சாக எடுத்து, சில வாரம் உள்ளேயே வைத்து, வெளியைப் பார்க்க வலை அடித்துக் கொடுங்கள். முதல் தடவை பின்னேரத்தில், பசியோடு இருக்கும்போது திறந்துவிடுங்கள். தூரம் போகாது.

அப்படியும் உங்கள் புறா அடுத்த வீட்டுக் கூட்டில் போய்ச் சேர்ந்தால், அவர் திருப்பித் தரவேண்டும் என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஆண்புறா அங்கே பேடோடு சோடி சேர்ந்து குஞ்சும் பொரித்திருந்தால் அந்தக் குஞ்சு யாருக்கு? பேட்டின் சொந்தக்காரருக்கு. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். அந்தக் கணக்கைக் கூட்டம் முடிந்தபின் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் இப்போது கேள்வி கேட்கலாம்.